டேவ் ஆலன் துணிச்சல்காரரா, தொலைவின் பாதுகாப்பில் நின்றவரா?

மேடைவிரும்பி எழுதியது:

மேடையில் தனியொருவராகப் பேசிச் சிரிக்கவைக்கும் அயர்லாந்தின் ஸ்டாண்ட்-அப் கலைஞர்களைப் பற்றி இங்கே பேச்சு எழும்போதெல்லாம் டிலன் மோரன், டாமி டியர்னன், டாரா ஓ பிரியன் என்ற பெயர்களோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. இவர்களில் ஒருவரும் மேடையேறாத காலத்திலேயே, உயரமான நாற்காலியில் சாய்ந்து அமர்ந்து, விரலிடுக்கில் சிகரெட்டும் பக்கத்தில் கண்ணாடிக் கோப்பையுமாக, திருச்சபையையும் பள்ளிக்கூடத்தையும் மரணத்தையும் பற்றித் தனியொருவராகப் பேசிப் பிரிட்டனின் வீடுகளைக் கட்டிப்போட்ட டேவ் ஆலனை யாரும் நினைப்பதில்லை. இருபதாம் நூற்றாண்டின் அயர்லாந்து நகைச்சுவையில் அவரைவிடத் துணிச்சலான ஒருவர் இல்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் இருப்பார்கள் என்று தெரிந்தே இதை இங்கே வைக்கிறேன்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1936 ஜூலை 6 அன்று டப்ளினில் பிறந்தவர். இயற்பெயர் டேவிட் டைனன் ஓ'மஹோனி. தந்தை ‘ஐரிஷ் டைம்ஸ்’ நாளிதழின் மேலாளர். மகனுக்குப் பன்னிரண்டு வயதானபோது அவர் இறந்துவிட்டார். பதினாறு வயதில் படிப்பை விட்ட மகன், ‘டிராகெடா ஆர்கஸ்’ என்ற உள்ளூர்ப் பத்திரிகையில் சிறிது காலம் வேலை பார்த்துவிட்டு, செய்தியாளராகும் கனவோடு பத்தொன்பது வயதில் லண்டனுக்குப் போனார். அங்கே எந்தப் பத்திரிகையும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கடற்கரை ஊர்களில் பட்லின்ஸ் நிறுவனம் நடத்திய விடுமுறை முகாம்களில், சிவப்புக் கோட்டு அணிந்து விருந்தினர்களை மகிழ்விக்கும் பணியில் சேர்ந்தார். மேடைப் பழக்கம் அங்கே வந்தது. ஓ'மஹோனி என்ற பெயரை ஆங்கிலேயர் உச்சரிக்கத் தடுமாறியதால் ஆலன் ஆனார். 1963-இல் ஆஸ்திரேலியாவின் சேனல் நைன் அவருக்கென்று ஓர் உரையாடல் நிகழ்ச்சியையே கொடுத்தது. பிரிட்டனுக்குத் திரும்பியபின் ஐடிவி, 1968 முதல் பிபிசி, 1971 முதல் 1979 வரை புகழின் உச்சமான ‘டேவ் ஆலன் அட் லார்ஜ்’. 2005 மார்ச் 10 அன்று லண்டனில் காலமானார்.

அயர்லாந்தின் அரசமைப்பில் கத்தோலிக்கத் திருச்சபைக்கு இருந்த ‘சிறப்பு நிலை’ 1972 டிசம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்புக்குப் பிறகே நீக்கப்பட்டது. அந்த வாக்கெடுப்புக்கு முன்பிருந்தே ஆலன், பாதிரியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனக் கூண்டையும் மறைமாவட்ட அதிகாரத்தையும் பற்றிப் பகிரங்கமாகப் பேசிவந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தென்கரை எழுதியது:

நண்பர் மேடைவிரும்பி அவர்களுக்கு வணக்கம். ஆலனின் கலைத்திறனை நான் மறுக்கவில்லை. அவரைத் துணிச்சலின் உச்சம் என்று நிறுத்துவதைத்தான் மறுக்கிறேன்.

அவர் கத்தோலிக்க அதிகாரத்தைக் கேலி செய்தது எங்கிருந்து? லண்டனில் இருந்து. சம்பளம் கொடுத்தது யார்? பிபிசி. எதிரே அமர்ந்து சிரித்தவர்கள் யார்? பெரும்பாலும் ஆங்கிலேயர், கத்தோலிக்கத் தலைமை இருக்கும் ரோமைப் பல நூற்றாண்டுகளாக ஐயத்தோடு பார்த்துப் பழகிய சமூகத்தினர். அவர்கள் முன்னால் போப்பைக் கேலி செய்வதற்குத் திறமை வேண்டியிருந்திருக்கலாம், துணிச்சல் தேவைப்படவில்லை. அதே ஆண்டுகளில் பிரிட்டனின் கேளிக்கை மன்றங்களில் அயர்லாந்துக்காரன் முட்டாள் என்ற நகைச்சுவை பெரும் வணிகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆலன் அந்த மட்டத்துக்கு இறங்கவில்லை என்பது உண்மையே. ஆயினும், பாதிரியாரைக் கண்டு நடுங்கும் மக்கள், குடித்துவிட்டுப் பிண ஊர்வலத்தில் தள்ளாடும் மனிதர்கள் என்று அவர் காட்டிய அயர்லாந்து, அந்தப் பார்வையாளர்கள் ஏற்கெனவே நம்பியிருந்த அயர்லாந்துக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தது?

துணிச்சலைப் பார்க்க வேண்டுமென்றால் நாட்டுக்குள்ளேயே இருந்து பேசியவர்களைப் பாருங்கள். ஃபிராங்க் ஹால் 1971 முதல் 1980 வரை ஆர்டிஈயில், அதாவது அரசின் சொந்த ஒளிபரப்பு நிறுவனத்தில், ‘ஹால்ஸ் பிக்டோரியல் வீக்லி’ என்ற நிகழ்ச்சியை நடத்தி, ஆட்சியில் இருந்த அமைச்சர்களை வாரந்தோறும் கேலி செய்தார். டெர்மட் மார்கன், 1970-களின் கடைசியில் தொடங்கிய ‘தி லைவ் மைக்’ நிகழ்ச்சியில், அதே ஆர்டிஈயில், புதுப்பாணிப் பாதிரியார் வேடமிட்டு ‘ஃபாதர் டிரெண்டி’யாக நடித்தார். 1989 முதல் 1991 வரை வானொலியில் அவர் நடத்திய ‘ஸ்கிராப் சாட்டர்டே’ பிரதமர் சார்லஸ் ஹாஹியை விட்டுவைக்கவே இல்லை. புகழின் உச்சியில் இருந்தபோதே அது நிறுத்தப்பட்டது. இவர்கள் மறுநாள் காலையில் அதே தெருவில் நடக்க வேண்டியவர்கள். ஆலன் நடந்தது கென்சிங்டன் தெருவில்.

மேடைவிரும்பி எழுதியது:

நண்பர் தென்கரை நல்ல சான்றுகளை வைத்திருக்கிறார். ஆனால் ஆலனின் குரல் அயர்லாந்தைத் தொடவே இல்லை என்பதுபோல் எழுதியிருப்பது சரியன்று. டப்ளின் உள்ளிட்ட கிழக்குக் கரையோர வீடுகளில், வேல்ஸிலிருந்தும் வட அயர்லாந்திலிருந்தும் வரும் பிபிசி அலைவரிசையைப் பிடிப்பதற்காகவே உயரமான ஆன்டெனாக்களை நட்டிருந்தார்கள். அவர் வெறும் ஆங்கிலேயருக்கான பொழுதுபோக்காக இருந்திருந்தால், டப்ளினில் யாரும் அவரைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். பொருட்படுத்தினார்கள் என்பதற்கு ஆர்டிஈயே சாட்சி. 1975-இல் அவர் போப் வேடமிட்டு, கர்தினால்கள் எனப்படும் மூத்த ஆயர்களோடு சேர்ந்து இசைக்கேற்ப அங்கியைக் களையும் நடனக் காட்சி ஒன்றில் நடித்தார். 1977-இல் ஆர்டிஈ அவரை நடைமுறையில் தன் திரையிலிருந்து விலக்கிவைத்தது. மேற்கே கால்வேயிலும் தெற்கே கெர்ரியிலும் ஆர்டிஈ மட்டுமே தெரிந்த வீடுகளுக்கு, அத்துடன் ஆலன் இல்லாமல் போனார். சொந்த நாட்டின் திரையை இழப்பது ஒரு கலைஞனுக்குச் சிறிய இழப்பன்று.

ஒலிப்பேழை எழுதியது:

இருவரும் திருச்சபையைச் சுற்றியே நிற்கிறீர்கள். தொழில்முறையில் ஆலன் செய்தது என்ன என்பதைப் பற்றியும் பேச வேண்டும். அதைப் பேசாமல் அவர் ஏன் பேசப்படத் தகுந்தவர் என்பது புரியாது.

1950-களின் மேடைச் சிரிப்பாளர் நின்றுகொண்டே பேசுவார், வேகமாகப் பேசுவார், தொடர்பில்லாத துணுக்குகளை அடுத்தடுத்துச் சொல்லி, சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடுவார். விடுமுறை முகாமில் ஆலனும் அந்த முறையில்தான் பயின்றார். ஆஸ்திரேலியாவில் நேரலை நிகழ்ச்சியை நடத்தியபோது வேறொன்றைக் கண்டுகொண்டார். விருந்தினரோடு அமர்ந்து பேசும்போது, எழுதிவைத்த துணுக்கைவிடத் தன் வாழ்க்கையில் நடந்ததைச் சொன்னால் மக்கள் ஆழ்ந்து கேட்கிறார்கள் என்பதே அது. அதன்பிறகு அவர் உட்கார்ந்துவிட்டார். கதை மெதுவாகத் தொடங்கும், நடுவில் கிளை பிரியும், கால்சட்டையில் விழுந்த சாம்பலைத் தட்டிவிட்டு ஓர் இடைவெளி விடுவார், கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடிப்பார், பிறகே கதை திரும்பும். விஸ்கி என்று பலரும் நம்பிய அந்தக் கோப்பையில் இருந்தது இஞ்சி பானம். இடது கையின் ஆட்காட்டி விரலில் நுனி இல்லாததையும் அவர் மறைக்கவில்லை. அது எப்படிப் போயிற்று என்பதற்கு விதவிதமான கதைகளைச் சொன்னார், விளக்கைக் குறைத்துச் சொல்லும் பேய்க்கதைகளில் அந்த விரலையே கருவியாக்கினார்.

எழுத்தாளர் என்ற அடையாளத்தை அவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ‘அட் லார்ஜ்’ நிகழ்ச்சியின் குறுங்காட்சிகளை ஆஸ்டின் ஸ்டீல், பீட்டர் வின்சென்ட் போன்றோர் அவரோடு சேர்ந்து எழுதினார்கள். அமர்ந்து பேசும் பகுதிகளிலும் வாய்மொழியாகப் புழங்கிவந்த பழைய கதைகள் பல உண்டு. ஆனால் கேட்டதைக் கேட்டபடி அவர் ஒப்பிக்கவில்லை. அவருடைய பதிவுகள் இரண்டை அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே கதையில் எந்த விவரம் முன்னே வருகிறது, எது கடைசிவரை ஒளித்துவைக்கப்படுகிறது என்ற கணக்கு துல்லியமாக மாற்றப்பட்டிருப்பது தெரியும். ஒரு செய்தியைப் பத்தியாக வெட்டிக் கட்டும் பயிற்சி பத்திரிகைக் குடும்பத்திலிருந்து வந்ததென்றே நான் கருதுகிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1969-இல் நியூயார்க் நகரத்தின் மக்களைப் பற்றியும், 1974-இல் இங்கிலாந்தின் விசித்திர மனிதர்களைப் பற்றியும் அவர் ஆவணப்படங்கள் செய்தார். அவற்றில் சிரிப்பை ஒதுக்கிவைத்துவிட்டுப் பொறுமையாகக் கேள்வி கேட்கும் செய்தியாளரைப் பார்க்கலாம். லண்டன் பத்திரிகைகள் சேர்த்துக்கொள்ளாத அந்த இளைஞர் தொலைக்காட்சி வழியாகத் தன் முதல் தொழிலுக்குத் திரும்பியிருக்கிறார்.

அருள்மேரி எழுதியது:

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, அருள்சகோதரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள். இந்த விவாதத்தை அமைதியாகப் படித்துவந்தேன்; ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

திருத்தந்தை ஆடை களையும் காட்சியைத் துணிச்சலுக்குச் சான்றாக ஐயா மேடைவிரும்பி எடுத்துக்காட்டுகிறார். அந்தக் காட்சியில் எந்த அநீதி தோலுரிக்கப்பட்டது என்பதை எனக்கு விளக்க வேண்டும். அதிகாரத்தைக் கேள்வி கேட்பது ஒன்று; எளிய மக்கள் மதிக்கும் ஓர் உருவத்தை, வேறு காரணமில்லாமல், நாணவைக்கும் நிலையில் நிறுத்துவது இன்னொன்று. 1970-களில் பிரிட்டனில் கட்டட வேலைக்கும் மருத்துவமனைப் பணிக்கும் போயிருந்த அயர்லாந்துக்காரர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை ஒன்றுதான் ஊரின் தொடர்ச்சி. அவர்கள் தங்கியிருந்த விடுதியின் பொதுக்கூடத்தில் அந்தக் காட்சி ஓடியபோது சுற்றியிருந்தவர்கள் சிரித்திருப்பார்கள். இவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

அதேவேளை, அவரிடம் என்னைத் தொட்ட ஒரு பகுதியும் உண்டு. சின்னஞ்சிறு பையனாக முதல் நாள் பள்ளிக்கு அழைத்துச் செல்லப்படுகிறார். ஒரு கன்னியாஸ்திரி குனிந்து, நல்ல பையனாக இருப்பாயா என்று கேட்கிறார். பையன் நிமிர்ந்து பார்க்கிறான். சுவரில் ஒரு மனிதரை ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். நிச்சயமாக நல்ல பையனாக இருப்பேன் என்று சொல்லிவிடுகிறான். இதில் சிலுவை கேலி செய்யப்படவில்லை. ஒரு குழந்தையின் கண்ணுக்கு எது எப்படித் தெரியும் என்று பெரியவர்கள் யோசிக்காமல் விட்டது சொல்லப்படுகிறது. நம்பிக்கையுள்ள எனக்கும் அது பயன்பட்டது. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் புகழ வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

தென்கரை எழுதியது:

சகோதரி அருள்மேரி சொன்ன பள்ளிக்கூடப் பகுதியிலிருந்தே என் அடுத்த மறுப்பைத் தொடங்குகிறேன். பள்ளித் தண்டனைகளைப் பற்றி ஆலன் சொன்னவையே அவருடைய உண்மையான சாதனை என்று அவரைப் போற்றுபவர்கள் எழுதுகிறார்கள். அவர் படித்தவை நியூபிரிட்ஜ் கல்லூரி, டெரெனூர் கல்லூரி, டப்ளின் நகர நடுவில் இருந்த கத்தோலிக்கப் பல்கலைக்கழகப் பள்ளி. துறவற சபைகள் நடத்தியவைதான் என்றாலும், மூன்றும் கட்டணம் செலுத்திப் படிக்கும் குடும்பங்களுக்கானவை. அங்கேயும் பிரம்பும் தோல்வாரும் இருந்தன, மறுக்கவில்லை.

ஆனால் அயர்லாந்தின் பெரிய துயரம் அங்கே நடக்கவில்லை. ஏழைக் குழந்தைகளும் பெற்றோரைப் பிரிந்த குழந்தைகளும் நீதிமன்ற ஆணையால் அனுப்பப்பட்ட தொழிற்பள்ளிகளில் அது நடந்தது. அதை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை 2009 மே மாதம் வெளிவந்தது. ஐந்து தொகுதிகள் கொண்ட அந்த அறிக்கை, அடியும் பட்டினியும் பாலியல் வன்முறையும் அந்த நிறுவனங்களில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தன என்பதை வெளிப்படுத்தியது. அந்தக் குழந்தைகளுக்கு மேடை இல்லை. வசதியான வீட்டுப் பையனின் பள்ளி நினைவு, அரங்கம் சிரிக்கும் அளவுக்கு மென்மையாக்கப்பட்டு, முப்பது ஆண்டுகளாக அயர்லாந்துப் பள்ளியின் சித்திரமாகச் சுற்றிவந்தது. அது அடியை வேடிக்கையாக்கி, உண்மையான விசாரணையைத் தள்ளிப்போட உதவியிருக்கக்கூடும் என்ற கவலை எனக்கு உண்டு.

மேடைவிரும்பி எழுதியது:

இந்த மறுப்புக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தொழிற்பள்ளிகள். ஆலன் தான் படாததைப் பட்டதாகச் சொல்லவில்லை. தன் வகுப்பறையில் நடந்ததைச் சொன்னார். ஒருவர் தன் அனுபவத்தின் எல்லைக்குள் நின்று பேசியதைக் குறையென்று கொள்ள முடியாது. அயர்லாந்துப் பள்ளிகளில் ஆசிரியர் அடிப்பது 1982-இல்தான் தடை செய்யப்பட்டது. அதற்குமுன் அடி என்பது கல்வியின் இயல்பான பகுதி. அதைப் பற்றிப் பேசுவதே நன்றி கெட்டதனம் என்று கருதப்பட்டது. அந்த நாட்களில், கட்டணம் செலுத்திப் படித்த ஒருவரே, புனித உடை அணிந்தவர்கள் குழந்தைகளை அச்சுறுத்தினார்கள் என்று கோடிக்கணக்கானோர் பார்க்கும் திரையில் சொன்னார். கேட்ட நகரத்து ஏழைக்கு, நமக்கு மட்டும் நடந்ததன்று என்று தோன்றியிருக்கும். சிரிப்பு விசாரணையைத் தள்ளிப்போட்டது என்கிறீர்கள். விசாரணையைத் தள்ளிப்போட்டவர்கள் அமைச்சகங்களிலும் ஆயர் இல்லங்களிலும் இருந்தார்கள்.

இரண்டாவது, நாட்டுக்குள் இருந்து பேசியவர்களோடு ஒப்பீடு. ஃபிராங்க் ஹாலை நண்பர் குறிப்பிட்டார். அவருடைய வாழ்க்கையின் அடுத்த கட்டத்தையும் பார்க்க வேண்டும். 1978-இல் அவர் அயர்லாந்தின் திரைப்படத் தணிக்கை அதிகாரியாக நியமிக்கப்பட்டார். பிரிட்டனின் நகைச்சுவைக் குழுவான மான்டி பைத்தானின் ‘லைஃப் ஆஃப் பிரையன்’ படம் அவருடைய பதவிக்காலத்தில்தான் அங்கே தடை செய்யப்பட்டது. 1987 வரை அந்தத் தடை நீங்கவில்லை. அமைச்சர்களை வாரந்தோறும் கேலி செய்த அதே கை, சமயம் தொடர்பான ஒரு நகைச்சுவைப் படத்தை நாட்டுக்குள் விடவில்லை. அந்தக் காலத்து அயர்லாந்தில் அரசியல்வாதியைத் தொடலாம், பீடத்தைத் தொடக்கூடாது என்ற எல்லைக்கோடு எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. டெர்மட் மார்கனின் ‘ஃபாதர் டிரெண்டி’ அன்பான கேலி. இளைஞர்களைக் கவரப் பாடுபடும் ஓர் இளம் பாதிரியாரைப் பற்றியது. அதே மார்கன் பாதிரியார்களைப் பற்றிய முழு நகைச்சுவைத் தொடரில் நடித்தபோது, 1995-இல் அதை ஒளிபரப்பியது லண்டனின் சேனல் ஃபோர், ஆர்டிஈ அன்று. ஆலன் போன பாதையில்தான் மார்கனும் போக வேண்டியிருந்தது.

இன்னும் ஒன்று. 1937-இன் அரசமைப்பு தெய்வநிந்தனையைத் தண்டனைக்குரிய குற்றமாக எழுதிவைத்திருந்தது. 2009-இல் புதிய சட்டம் அதற்கு 25,000 யூரோ வரை அபராதம் விதித்தது. ஆர்டிஈ நிகழ்ச்சி ஒன்றில் கடவுளைப் பற்றிச் சொன்ன கருத்துக்காக நடிகர் ஸ்டீபன் ஃபிரை மீது வந்த புகாரை 2017-இல் காவல்துறை விசாரித்துக் கைவிட்டது. 2018 அக்டோபர் பொதுவாக்கெடுப்பில்தான் மக்கள் அந்தச் சொல்லை அரசமைப்பிலிருந்து நீக்கினார்கள். அப்போது ஆலன் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் வாழ்நாள் முழுவதும் சொந்த நாட்டின் அடிப்படைச் சட்டம் அவருடைய தொழிலுக்கு எதிராக இருந்தது என்றால், தொலைவைப் பாதுகாப்பு என்று மட்டும் எப்படிச் சொல்ல முடியும்? அந்தத் தொலைவு இல்லாமல் அந்தப் பேச்சே பிறந்திருக்காது.

மூன்றாவது, லண்டன் அவருக்கு ஆபத்தில்லாத இடம் என்ற கருத்து. ஆஸ்திரேலியாவில், நகைச்சுவைக் கலைஞர்களான பீட்டர் குக்கையும் டட்லி மூரையும் நேரலையில் நேர்கண்டுகொண்டிருந்தபோது, விளம்பரத்துக்காகப் பேச்சை நிறுத்தச் சொன்ன தயாரிப்பாளரை ஒளிபரப்பிலேயே கடுஞ்சொல்லால் விரட்டி, சிறிது காலம் திரையிலிருந்து விலக்கப்பட்டவர் அவர். பிரிட்டனில் ஒளிபரப்பு ஒழுக்கத்துக்காக இயக்கம் நடத்திய மேரி வைட்ஹவுஸ் அவர்மீது புகார் செய்தார். 1990-இல் பிபிசியில் ஒளிபரப்பான தொடரை நினைவுகூருங்கள். கடிகாரம் பார்த்து எழுகிறோம், கடிகாரத்தில் அட்டையைக் குத்தி வேலைக்குள் நுழைகிறோம், கடிகாரம் பார்த்து உண்டு உறங்குகிறோம், நாற்பது ஆண்டுகள் இப்படியே உழைத்து ஓய்வுபெறும் நாளில் நிறுவனம் நமக்குப் பரிசாகத் தருவது ஒரு கடிகாரம். அந்தக் கதையின் கடைசி வாக்கியத்தில் வந்த ஒரு வசைச்சொல்லுக்காகப் பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது, பிபிசி வருத்தம் தெரிவித்தது. அந்தக் கதையில் போப்பும் இல்லை, கன்னியாஸ்திரியும் இல்லை. மனிதனின் நேரத்தைப் பிடுங்கிக்கொள்ளும் எந்த அமைப்பின்மீதும் அவருக்கு இருந்த அதே கோபம்தான் இருந்தது. ஆங்கிலேயத் தொழிலாளிக்கு ஆங்கிலேய முதலாளியைப் பற்றிச் சொன்ன கதை அது. ஆங்கிலேயருக்கு ஏற்ற அயர்லாந்தைக் காட்டிப் பிழைத்தவர் என்றால், இந்தக் கதையை எங்கே வைப்பீர்கள்?

சகோதரி அருள்மேரி கேட்டதற்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அங்கி களையும் காட்சியின் பொருளை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: உடல், ஆசை, திருமணம், கருத்தடை என்று மக்களின் அந்தரங்கம் முழுவதற்கும் விதி எழுதிய ஒரு பீடத்துக்கும் உடல் உண்டு என்று அது காட்டியது. அயர்லாந்தில் கருத்தடைச் சாதனங்களை விற்பது குற்றமாக இருந்த ஆண்டு 1975. மருத்துவர் சீட்டோடு வாங்க அனுமதித்த சட்டமே 1979-இல்தான் இயற்றப்பட்டது. உங்கள் மனம் புண்பட்டதை நான் சிறிதாக எண்ணவில்லை.

அருள்மேரி எழுதியது:

பதிலுக்கு நன்றி, ஐயா. விளக்கம் சட்டத்தையும் ஆண்டையும் வைத்துப் பார்த்தால் பொருந்துகிறது. ஆனால் அந்தக் காட்சியில் நடனத்தைத் தவிர இவை எதுவும் சொல்லப்படவில்லை. காரணத்தைப் பார்வையாளரே கொண்டுவர வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடக் கதையில் அப்படியில்லை. காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. தன்னை இறைமறுப்பாளர் என்று சொல்லிக்கொண்ட அவர், ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும், உங்கள் கடவுள் உங்களோடு செல்லட்டும் என்று வாழ்த்தி விடைபெற்றார். என் நம்பிக்கையை என்னிடமே விட்டுவிட்டுப் போகும் அந்த வாழ்த்தை நான் மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறேன். அந்த மரியாதையை மற்றக் காட்சிக்கும் நீட்டியிருக்கலாம் என்பது என் நிலைப்பாடு. அதிலிருந்து நான் மாறவில்லை.

ஒலிப்பேழை எழுதியது:

சகோதரி சொல்வது கலை நுட்பம் சார்ந்தும் சரி. ஆலனின் குறுங்காட்சிகள் அவருடைய தனிப்பேச்சுகளைவிடப் பலவீனமானவை என்றே நான் எப்போதும் கருதிவந்திருக்கிறேன். இரண்டு பிண ஊர்வலங்கள் இடுகாட்டுக்கு முந்திச் செல்லப் பந்தயம் ஓடுவது போன்ற சில காட்சிகள் இன்றும் நிற்கின்றன. பல காட்சிகள் ஒரே திருப்பத்தோடு முடிந்துவிடுகின்றன. பாதிரியார் வேடத்தில் அவரைப் பார்த்தவுடனேயே பார்வையாளர் சிரிக்கத் தொடங்கிவிடுகிறார், அதற்குமேல் காட்சி உழைப்பதில்லை. நாற்காலியில் அமர்ந்தவுடன் அவர் தானாகவே பேச வேண்டியிருக்கிறது; அங்கே உடையின் உதவி இல்லை. 1990-இன் தொடரில் அவர் குறுங்காட்சிகளையே முழுமையாகக் கைவிட்டுவிட்டுத் தனிப்பேச்சை மட்டும் வைத்துக்கொண்டதற்கு இதையும் ஒரு காரணமாக நான் எண்ணுகிறேன்.

அவருடைய நடிப்பும் கவனத்துக்குரியது. 1972-இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் எட்னா ஓ'பிரையனின் நாடகத்தில் நடித்தார். அந்த எழுத்தாளரின் நாவல்கள் அயர்லாந்தில் தடை செய்யப்பட்டவை. 1979-இல் ஆலன் பென்னட் எழுதிய தொலைக்காட்சி நாடகத்தில், நடுவயதின் வெறுமையில் சிக்கிய வீட்டுத் தரகராக, ஒரு சிரிப்பையும் தேடாமல் நடித்தார். அதைப் பார்த்தவர்களுக்கு அவருடைய நகைச்சுவையின் அடியில் இருந்த சோர்வும் தெரிந்திருக்கும்.

தென்கரை எழுதியது:

ஃபிராங்க் ஹாலைப் பற்றிய தகவல் என் வாதத்தின் ஒரு காலைத் தளரச் செய்கிறது என்பது தெரிகிறது. ஆனாலும் வாதம் நிற்கிறது. ஆலனை அயர்லாந்தின் நகைச்சுவை வரலாற்றில் முதலிடத்தில் வைக்கிறீர்கள். அவருடைய ஒவ்வொரு தொடரும் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிக்கோ பிரிட்டன் தொலைக்காட்சிக்கோ எழுதப்பட்டது. 1996-இல் அவருக்கு வாழ்நாள் சாதனை விருது தந்தது பிரிட்டனின் நகைச்சுவை விருது அமைப்பு. அவர் பிரிட்டன் தொலைக்காட்சி வரலாற்றின் பெரிய பெயர். அந்த இடம் அவருக்கு எந்த வகையிலும் குறைவானதன்று.

பிரிட்டனில் அயர்லாந்துக் குரலோடு திரைக்கு வருவதே அந்நாட்களில் துணிவு என்று அடுத்து யாராவது சொல்லக்கூடும். 1974 நவம்பரில் பர்மிங்காம் குண்டுவெடிப்பில் 21 பேர் இறந்த பிறகு அங்கே வாழ்ந்த அயர்லாந்துக்காரர்கள் பட்ட துன்பம் எனக்குத் தெரியும். ஆனால் திரையில் அந்தக் குரல் அந்நியமாக இருக்கவில்லை. டப்ளினின் எமன் ஆண்ட்ரூஸ், வாட்டர்ஃபோர்டின் வால் டூனிகன், லிமெரிக்கின் டெர்ரி வோகன் என்று பிரிட்டன் மனமுவந்து ஏற்றுக்கொண்ட அயர்லாந்துக் குரல்கள் அப்போது நிறைய இருந்தன. ஆலன் அந்த வரிசையில் ஒருவர்.

மேடைவிரும்பி எழுதியது:

அந்த வரிசையைக் குறிப்பிட்டதற்கு நன்றி. ஆலன் எங்கே பிரிகிறார் என்பதை அதை வைத்தே சொல்லலாம். ஆண்ட்ரூஸ் விருந்தினர்களை அறிமுகம் செய்தார். வோகன் காலைநேரத்தில் இதமாகப் பேசினார். டூனிகன் ஆடும் நாற்காலியில் அமர்ந்து மெல்லிய பாட்டுகளைப் பாடினார். மூவரும் திறமையாளர்கள். மூவரும் வீட்டுக்கு வந்த இனிய விருந்தினர்களாக நடந்துகொண்டார்கள். பார்வையாளரின் நம்பிக்கை எதையும் அவர்கள் அசைத்துப் பார்க்கவில்லை.

ஆலனின் பெயரைப் பிரிட்டனில் முதலில் பரப்பியது 1965-இல் இதே டூனிகனின் நிகழ்ச்சிதான். இரண்டு பாட்டுகளுக்கு நடுவில் சில நிமிடம் பேச வந்தவர் அவர். அந்தச் சில நிமிடங்களை அவர் டூனிகனைப் போலவே இதமாக நிரப்பியிருந்தால், வாழ்நாள் முழுவதும் வேலை கிடைத்திருக்கும்; டப்ளினும் அவரைக் கொண்டாடியிருக்கும். இரண்டே ஆண்டுகளில் தனக்கென்று நிகழ்ச்சி கிடைத்ததும், தன்னை வளர்த்த ஊரில் யாரும் உரக்கச் சொல்லாதவற்றையே அவர் பேச எடுத்துக்கொண்டார். அந்தத் தேர்வை வைத்துத்தான் அவரை அயர்லாந்துக்கு உரியவர் என்கிறேன்.